குறுக்கே ஓர் இலை

“டீச்சர், நான் எப்ப எடுத்தாலும் குறுக்க ஒரு இலை வந்து நிக்குது. என்ன செய்ய?”

உலகநாத அண்ணாச்சி கேமராவை நீட்டினார். ஹெப்சிபா டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

திரை முழுக்கப் பச்சை. அகலமான ஒரு செம்பருத்தி இலை. அதற்குப் பின்னால் நாலு நார், கொஞ்சம் நிழல். அந்த நிழலுக்குள் ஒரு கொண்டைக்குருவிக் கூடு இருப்பதாகவும், கூட்டுக்குள் மூன்று குஞ்சு இருப்பதாகவும் அண்ணாச்சி சத்தியம் செய்தார். ஒரு மூக்கு நுனிகூட வெளியே தெரியவில்லை.

டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“இலை நல்லா விழுந்திருக்கு,” என்றார்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. வைத்த டீயைத் தொடாமல் எழுந்து செருப்பை மாட்டினார்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் டைல்ஸ் கடை வைத்து நடத்துகிற மனிதர், வயது அறுபதை எட்டப்போகிறது. டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பறவைகளைப் படம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அவர் சொல்லித் தருவது கொஞ்சம், சும்மா இருப்பது அதிகம். அதற்கும் ஆள் தேடி வருகிறது, என்னத்தைச் சொல்ல.

அந்த முன்னறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதல் நாளே டீச்சர் சுவரில் அவர் பேருக்கு ஓர் ஆணி அடித்துவிடுவார். அந்த ஆள் எடுத்த ஒரே ஒரு படம் என்றைக்காவது அதில் தொங்கும். எந்தப் படம் என்பதை டீச்சர்தான் சொல்லவேண்டும்.

அண்ணாச்சிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கெல்லாம் படம் ஏறிவிட்டது. அவருடைய ஆணி மட்டும் மூன்று வருஷமாக மொட்டையாக நிற்கிறது. கடையில் உட்கார்ந்து சுவர் டைல்ஸ் காட்டும்போதுகூட அவருக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வரும்.

வீட்டுக்கு வந்தவர் நேராகப் பின்பக்கம் போனார்.

அடுக்களைக்கு வெளியே சண்முகவடிவு வளர்க்கிற செம்பருத்தி. அண்ணாச்சியின் வீட்டுக்காரி. அந்தச் செடியில் குருவி முட்டை வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். குக்கர் விசிலுக்குக் குருவி பயந்து போய்விடும் என்று பருப்பைச் சட்டியில் வேகவைக்கிறாள். பருப்பு வேக நேரமாகிறது என்று அண்ணாச்சி முணுமுணுத்தால், அது முட்டையை விட்டுப் போயிட்டுதுன்னா நீங்க வந்து அடைகாப்பியளா என்று கேட்பாள்.

அன்றைக்கு அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள்.

அண்ணாச்சி செடியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் ஒரே ஒரு கிளைதான். அது மட்டும் இல்லையென்றால் அடுக்களை ஜன்னலிலிருந்து கூடு பளிச்சென்று தெரியும்.

சின்னக் கத்தரியை எடுத்துவந்தார். ஒரு வெட்டு. கிளையைக் காம்பவுண்டுக்கு வெளியே எறிந்தார். தெருவில் நின்ற ஆடு ஓடிவந்தது.

வெளிச்சம் கூட்டுக்குள் நேராக இறங்கியது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலுக்கு உள்ளே கேமராவை வைத்து எடுக்க ஆரம்பித்தார். மூன்று குஞ்சும் கழுத்தைத் தூக்கி வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. வாய்க்கு உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. இறகு முளைக்கிற மேனியில் ஒவ்வொரு குருத்தும் எண்ணி எடுக்கிற மாதிரி துல்லியம்.

இருந்ததில் நல்லதை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். டீச்சருக்குத் தனியாகவும் அனுப்பினார். நிமிஷத்தில் வாழ்த்து வந்து குவிய ஆரம்பித்தது. வரப்போற படக் கண்காட்சிக்கு இதைத்தான் அனுப்பணும் என்று ஒருவர். பசியைப் படம் பிடிச்சிட்டிய அண்ணாச்சி என்று இன்னொருவர்.

பிறகு டீச்சர் கூப்பிட்டார்.

“தாய் எங்க அண்ணாச்சி?”

“இரை தேடப் போயிருக்கு டீச்சர். அதான் குஞ்செல்லாம் பசியில வாயப் பொளந்துட்டுக் கெடக்கு.”

“சத்தம் கேக்குதா?”

அண்ணாச்சி ஜன்னலில் காதை வைத்தார். தெருவில் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“இல்லையே.”

“பசிச்ச குஞ்சு கத்தும்.”

டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி கூட்டை உற்றுப் பார்த்தார். சித்திரை மாதத்து உச்சி வெயில். திறந்த மூன்று வாயும் அப்படியே திறந்திருந்தன. தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சின் கழுத்து கூட்டின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது.

அவை இரை கேட்கவில்லை. வெந்துகொண்டிருந்தன.

அண்ணாச்சி வெளியே ஓடினார். பாதி வழியில் நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் தெளிக்கலாமா, கூட்டோடு எடுத்து உள்ளே வைக்கலாமா, கைகால் ஓடவில்லை. அப்படியே நிற்கும்போது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

டீச்சர் கையில் ஒரு குடை இருந்தது.

அவர் திட்டவில்லை. அண்ணாச்சியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் செடிக்குப் போய், வெட்டின இடத்தை ஒருதரம் விரலால் தொட்டார். குடையை விரித்து அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். அவருடைய தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்த்தினார். நிழல் கூட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

“இப்ப நீங்கதான் இலை,” என்றார்.

“எவ்ளோ நேரம் டீச்சர்?”

“இலை கேக்காது.”

துணி துவைக்கிற கல்லில் போய் டீச்சர் உட்கார்ந்துகொண்டார்.

தாய்க்குருவி மேலே கரண்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. கீழே பார்த்தது. குடையைப் பார்த்தது, ஆளைப் பார்த்தது. தலைக்கொண்டை சிலிர்க்க இடமும் வலமும் நகர்ந்தது. இறங்கவில்லை.

அண்ணாச்சிக்கு இப்போதுதான் இக்கட்டு முழுசாகப் புரிந்தது. அவர் நின்றால் தாய் வராது. அவர் நகர்ந்தால் வெயில் விழும். இரண்டில் எது நடந்தாலும் குஞ்சு போய்விடும்.

டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சரும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் விடை இல்லை. இவருக்கே தெரியவில்லையா என்று நினைத்தபோதுதான் அண்ணாச்சிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அவர் அசையாமல் நின்றார். வேறு என்ன செய்வது.

வேர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. கட்டெறும்பு ஒன்று கணுக்காலில் ஏறி முழங்கால் வரை வந்து, யோசித்து, கடித்தது. குடை பிடித்த கை முதலில் வலித்தது. பிறகு நடுங்கியது. நடுங்கினால் குடை ஆடும், குடை ஆடினால் நிழல் ஆடும். அண்ணாச்சி இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

குருவி கம்பியிலிருந்து முருங்கைக்கு வந்தது. முருங்கையிலிருந்து காம்பவுண்டுக்கு வந்தது. காம்பவுண்டிலிருந்து செம்பருத்தியின் வெளிக்கிளைக்கு வந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சி மூச்சைப் பிடித்தார்.

சட்டைப் பையில் போன் விர்ரென்று அதிர்ந்தது.

குருவி போய்விட்டது.

குழுவில் இன்னும் வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு விர். கையை எடுத்து அதை அணைக்க முடியாது, எடுத்தால் குடை சாயும். டீச்சர் எழுந்து வந்தாலும் குருவி இன்னும் தூரம் போகும். அருமை என்று ஒருவர் சொன்னார், குருவி முருங்கைக்குப் போனது. பிரமாதம் என்று ஒருவர் சொன்னார், குருவி கம்பிக்கே போனது.

சாமி, இவனுங்க வாயை அடையேன் என்று அண்ணாச்சி மனசுக்குள் கும்பிட்டார். மூன்று வருஷமாக இந்த வாழ்த்துக்குத்தான் அவர் நேர்ந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சண்முகவடிவு வந்து சேர்ந்தாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். குடையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், செடியில் திறந்து கிடந்த ஓட்டையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“எதுக்குங்க வெட்டுனிய?” என்றாள், மெதுவாக.

அண்ணாச்சி வாய் திறக்கமுடியாது, குருவி திரும்ப முருங்கைக்கு வந்திருந்தது. அவள் போய் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனது. ஊர் சாப்பிடப் போனது. பையில் போன் அடங்கியது.

குருவி வந்தது. வெளிக்கிளை. உள்கிளை. கூட்டின் விளிம்பு. அண்ணாச்சியின் மூக்குக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருக்கும். அதன் கன்னத்தில் இருந்த வெள்ளைப் பொட்டும், கண்ணில் ஒரு குட்டிக் குடையும் தெரிந்தன. எந்த லென்ஸும் அவரை இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனதில்லை.

தாய் புழுவை ஊட்டியது. ஒரு குஞ்சு வாங்கியது. தாய் போய்விட்டுத் திரும்ப வந்தது. இன்னொன்று வாங்கியது.

மடங்கிக் கிடந்த கழுத்து நிமிரவில்லை. தாய் அதன் அலகைத் தன் அலகால் தட்டியது. காத்திருந்தது. மறுபடி தட்டியது.

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

பக்கத்து வீட்டு மாடிக்குப் பின்னால் வெயில் இறங்கிய பிறகுதான் டீச்சர் வந்து குடையை வாங்கினார். அண்ணாச்சியின் விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

“வெட்டுனது எங்க?” என்று கேட்டார் டீச்சர்.

அண்ணாச்சி தெருவுக்குப் போனார். ஆடு இலையெல்லாம் தின்றுவிட்டுப் போயிருந்தது. மொட்டைக் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். டீச்சர் அதை வாங்கி, அது இருந்த இடத்திலேயே நாரால் கட்டினார். சண்முகவடிவு தென்னங்கீற்றில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். குச்சியின்மேல் கீற்று ஏறியது. மேலே நிழலுக்கு ஆச்சு. பக்கவாட்டில் மூடினால் குருவி வழி தெரியாமல் மிரளும் என்று அதை அப்படியே விட்டார்கள். அந்தப் பக்கம் திறந்துதான் கிடந்தது.

புறப்படும்போது டீச்சர் கையை நீட்டினார்.

“பேட்டரி.”

அண்ணாச்சி கேமராவையே கொடுத்தார்.

“கேமரா உங்ககிட்டயே இருக்கட்டும்.”

பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் அந்தக் குஞ்சு செடிக்குக் கீழே செத்துக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. அண்ணாச்சி ஓர் இலையில் அதை எடுத்து, எறும்பை ஊதி ஊதித் தள்ளி, செடிக்கு அடியிலேயே குழி தோண்டி வைத்தார். தோண்டுகிற சத்தம் அதிகம் கேட்கக் கூடாது என்று கையால் தோண்டினார். நகத்தில் மண் ஏறி ரத்தம் வந்தது.

டீச்சர் வந்தபோது அவர் அந்த இடத்திலேயே குந்தியிருந்தார்.

“என்னைத் திட்டுங்க டீச்சர். நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டுங்க.”

டீச்சர் கூட்டைப் பார்த்தார்.

“கீற்று சாஞ்சிருக்கு. நிமித்துங்க.”

நிமிர்த்தினார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி கடைக்குப் போகவில்லை. கடையை மச்சினன் பார்த்துக்கொண்டான். இவர் அடுக்களை வாசப்படியில் உட்கார்ந்திருந்தார். பழக்கம் விடுமா, உயிரில்லாத கேமராவைக் கண்ணில் வைத்துக் கூட்டைப் பார்ப்பார். தாய் வரும். விரல் தன்னால் அமுக்கும். எதுவும் நடக்காது. தாய் ஊட்டிவிட்டுப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக விரல் அமுக்குவதை மறந்தது.

செம்போத்து வந்தது அதற்குப் பிறகுதான்.

கறுத்த உடம்பு, செம்பு நிறத்தில் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். காம்பவுண்டுச் சுவரில் வந்து நின்று, திறந்து கிடந்த பக்கத்து வழியாகக் கூட்டையே பார்த்தது. சண்முகவடிவு எத்தனையோ வருஷமாகச் செம்போத்தைக் கண்டால் நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். அன்றைக்குக் கன்னத்துக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அது எதைப் பார்க்கிறது என்று அவளுக்கும் தெரிந்தது. விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அது போகும். திரும்ப வரும். விடிகிற நேரத்தில் வரும், வெயில் சாய்கிற நேரத்தில் வரும். பறந்து வந்தாலாவது தெரியும். அது செடிக்குள் செடியாக நடந்து வருகிற ஜாதி. அண்ணாச்சி சாப்பாட்டுத் தட்டோடு வாசப்படிக்கு வந்தார். குளிக்கப் போனால் வடிவை உட்காரவைத்துவிட்டுப் போனார். காக்காய் கத்தினால் எழுந்தார், காற்று அடித்தால் எழுந்தார்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது ஆற்றாமை தாங்காமல் அத்தனையையும் கொட்டித் தீர்த்தார். என்ன பறவை அது, கொலைகாரப் பறவை, பச்சைக் குஞ்சைத் தின்கிறதுக்கு அதுக்கு எப்படி மனசு வருது, ஒரு கல்லால் அடித்தால்தான் என்ன என்று.

“அதுக்கும் எங்கயோ குஞ்சு இருக்கும்,” என்றார் டீச்சர்.

“அதுக்காக?”

“அது இலைய வெட்டல அண்ணாச்சி.”

அண்ணாச்சி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் காலால் அதைத் தள்ளிவிட்டார்.

குஞ்சுகளுக்கு இறகு மூடியது. தலையில் லேசாக ஒரு கொண்டைகூட எழும்பியது. ஒன்று விளிம்பில் ஏறி நின்று சிறகை உதறிப் பார்த்தது. மற்றது அதை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தது. இரண்டும் இப்போது போட்ட சத்தத்தில் தெருவே கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அண்ணாச்சிக்கு வயிறு குளிர்ந்தது. அதே சத்தம் செம்போத்துக்கும் கேட்குமே என்ற நினைப்பு வந்ததும் எழுந்து செடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமல் டீச்சர் வந்தார்.

“இன்னைக்குப் போயிரும்,” என்றார். உள்ளங்கையை விரித்தார். பேட்டரி இருந்தது.

அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எடுக்கலாமா டீச்சர்?”

“உங்க கேமரா.”

போட்டார். கேமரா கண் விழித்தது. வாசப்படியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

காலை வெயில் இளசாகக் குறுக்காக விழுந்தது. முதல் குஞ்சு விளிம்பை விட்டுக் கிளைக்கு வந்தது. இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றது. கழுத்தை நீட்டி உலகத்தைப் பார்த்தது. மூன்று வருஷமாக அண்ணாச்சி கனவு கண்ட சட்டகம். குறுக்கே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இறகிலும் வெளிச்சம். பின்னணியோ, கலங்கலாக, செம்பு நிறத்தில், அவ்வளவு அழகு. எந்த நிறம் வைத்தால் குஞ்சு எடுப்பாகத் தெரியுமோ அந்த நிறம் தானாக வந்து பின்னால் நின்றது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தார். விரல் பொத்தானுக்குப் போனது.

பின்னணி நகர்ந்தது.

அண்ணாச்சி கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

செடிக்குள்ளே, குஞ்சுக்கு ஒரு முழம் பின்னால், செம்போத்து. தலையைத் தாழ்த்தி, காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

ஓடினால் நேரம் போதாது. சட்டைப் பைக்குள் கை போனது, அகப்பட்டதை எடுத்து வீசினார். அகப்பட்டது போன். அது குஞ்சுக்கு அந்தப் பக்கம், காம்பவுண்டுச் சுவரில் போய்ப் பட்டென்று அடித்தது.

செம்போத்து தடதடவென்று இலைகளை உடைத்துக்கொண்டு எழும்பிச் சுவரைத் தாண்டியது. குஞ்சு பயத்தில் கிளையை விட்டது. விழுந்தது. விழுகிற வழியில் சிறகு பிடித்துக்கொண்டது. புல்லைத் தொட்டு, எழும்பி, துணிக் கொடியில் மோதி, அதிலேயே ஆடிக்கொண்டு உட்கார்ந்தது. தாய் கூவியது. இரண்டாவதும் கூட்டை விட்டுத் தாவியது. தாய் முன்னால் போக, இரண்டும் தட்டுத்தடுமாறிப் பக்கத்து வீட்டு மருதாணிக்குள் போய் மறைந்தன.

மருதாணி நல்ல அடர்த்தி. உள்ளே என்ன இருக்கிறதென்று யாராலும் பார்க்கமுடியாது.

சண்முகவடிவு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணாச்சி வாசப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் சுவரோரம் போய்ப் போனைப் பொறுக்கினார். கண்ணாடி சுக்குநூறு.

“இனிமே அதிராது,” என்று அண்ணாச்சியின் கையில் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்தியளா?” என்றார்.

“இல்ல டீச்சர்.”

டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிரம்பியிருந்தது. கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி உள்ளே வந்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மூணு வாய் படத்தைப் பெரிசாகப் போட்டு அனுப்புங்க, பரிசு உங்களுக்குத்தான், பசின்னு தலைப்பு வச்சா போதும் என்றார்கள். ஆணிக்கும் அதுதான், வேற என்ன என்றார்கள்.

அண்ணாச்சி அவர்களைப் பேசி முடிக்கவிட்டார்.

“அது பசி இல்ல,” என்றார். “நான் அதை எடுக்கும்போது அதுல ஒண்ணு செத்துட்டிருந்துச்சு.”

போனில் அந்தப் படத்தைத் திறந்து வைத்திருந்த ஒருவர் அதை மூடினார்.

அண்ணாச்சி கேமராவை எடுத்தார். கிளையை வெட்டின அன்றைக்கு எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றையும் ஒருதரம் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அழித்தார். பிறகு சுவரிடம் போய்த் தன் ஆணிக்கு முன்னால் நின்றார்.

“எதை மாட்ட டீச்சர்?”

டீச்சர் இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னார்.

“ஆணி உங்களுது.”

அண்ணாச்சி கையில் ஒரு காகிதப் பை வைத்திருந்தார். வரும்போதே சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், மனுஷன். வெளியே எடுத்து மாட்டினார். கோணலாக இருந்ததை நேராக்கினார். டீச்சர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் கண் ஈரமாக இருந்ததை அண்ணாச்சி மட்டும் பார்த்தார்.

அன்றைக்குப் புதிதாகச் சேர வந்த ஒருவர், தன் பேருக்கு அடித்த ஆணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல நகர்ந்து அந்தப் படத்துக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“வெறும் செம்பருத்தி இலைதான இருக்கு,” என்றார். “குருவி எங்க அண்ணாச்சி?”

“பத்திரமா இருக்கு,” என்றார் அண்ணாச்சி.